24-கேரட் பிளாக்: வறுமையைப் பற்றி ஒரு சோல் ஆல்பம், வாங்கத்தான் ஆளில்லை

ஊசிமுனை
ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'ஃபியர்' பாட்டை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். 2017-இல் வந்த 'டேம்' ஆல்பத்தில் மிக நீளமான பாட்டு அதுதான். அதன் அடியில் ஓடுகிற அந்தச் சோர்ந்துபோன இசை கென்ட்ரிக்குடையதும் இல்லை, அதைத் தயாரித்த ஆல்கெமிஸ்டுடையதும் இல்லை. 1973-இல் 24-கேரட் பிளாக் என்ற சோல் (அமெரிக்கக் கறுப்பர் இசைவகை) குழு பதிவு செய்த 'பாவர்ட்டிஸ் பாரடைஸ்' பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பம் 'கெட்டோ: மிஸ்ஃபார்ச்சூன்ஸ் வெல்த்'. குழு இருந்த காலத்தில் வெளிவந்த ஒரே ஆல்பமும் அதுதான்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டேல் வாரன் என்று ஒருவர். மேற்கத்தியச் செவ்வியல் இசை படித்தவர். மோடவுன் என்ற இசைத்தட்டு கம்பெனியில் தந்தி வாத்தியப் பகுதிகள் எழுதினார், பிறகு மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு கம்பெனிக்கு வந்து பாடகர் ஐசக் ஹேய்ஸின் பதிவுகளுக்கு எழுதினார். ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் டிடாலியன்ஸ் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்த இளவட்டங்களைப் பிடித்து, பெயரை மாற்றி, அவர்களை வைத்து நகர்ப்புற வறுமையைப் பற்றி முழு ஆல்பம் ஒன்றை எடுத்தார். ஸ்டாக்ஸின் கிளை லேபிளான என்டர்பிரைஸில் வந்தது. பட்டியல் எதிலும் ஏறவில்லை. குழுவும் சீக்கிரமே கலைந்துவிட்டது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: கம்பெனி திவாலானது, அதனால் நல்ல ஆல்பம் காணாமல் போனது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கம்பெனி நன்றாக இருந்திருந்தாலும் இது விற்றிருக்காது. ஏனென்றால் இதில் ஆறுதல் என்று ஒரு பாட்டு கூட இல்லை. அதுதான் இதன் பெருமை என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பீட்பெட்டி
அண்ணா, கடைசியில் இந்த ஆல்பத்துக்கும் ஓர் இழை வந்துவிட்டது. நான் இதற்குள் வந்தது ராக்கிம் வழியாக. 1990-இல் எரிக் பி அண்ட் ராக்கிம் என்ற ராப் ஜோடியின் 'இன் த கெட்டோ' என்ற பாட்டு. அதில் சுற்றிச் சுற்றி வருகிற அந்த பேஸ் வரி இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டிலிருந்து வந்தது. ராக்கிம் அதன் மேல் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போவார். திரும்பத் திரும்ப ஓடுகிற அந்தத் துண்டும் (லூப்) அப்படித்தான், எங்கேயும் போய்ச் சேராது.

அப்புறம் 1995-இல் நாட்டி பை நேச்சர் என்ற ராப் குழுவினர் தங்கள் ஆல்பத்துக்கே 'பாவர்ட்டிஸ் பாரடைஸ்' என்று பெயர் வைத்தார்கள். சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டது அதற்குத்தான். 2018-இல் ராப்பர் புஷா டி 'இன்ஃப்ராரெட்' போட்டார், டிரேக்கோடு சண்டையை மூட்டிவிட்ட பாட்டு. அதில் வருவதும் இதே குழுதான், ஆனால் இந்த ஆல்பத்திலிருந்து இல்லை.

முருங்கைமரம்
நானும் கேட்டேன். உண்மையைச் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டேன். 'சினாப்ஸிஸ் ஒன்' என்று ஆரம்பத்திலேயே நாடக வசனம் மாதிரி ஒன்று, நடுவில் 'சினாப்ஸிஸ் டூ'. பாட்டு தானே பேசவேண்டும், இடையில் ஒருவர் வந்து விளக்கம் சொன்னால் எனக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா ஞாபகம் வந்துவிடுகிறது. ராப்காரர்கள் இதிலிருந்து நாலு பார் (நாலு தாளச் சுற்று) எடுத்தார்கள் என்றால் அந்த நாலு பார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முழு ஆல்பமும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சாம்பிள் ஆன, அதாவது புதுப் பாட்டுக்காகத் துண்டு வெட்டி எடுக்கப்பட்ட, ஆல்பங்களை எல்லாம் கோயில் கட்டிக் கும்பிடுகிற பழக்கம் நம் மன்றத்தில் கொஞ்சம் அதிகம்.

அதோடு, வறுமையைப் பற்றி 1971-லேயே மார்வின் கே சொல்லவில்லையா? கர்ட்டிஸ் மேஃபீல்ட் சொல்லவில்லையா? இவர்கள் புதிதாக என்ன சொல்லிவிட்டார்கள்?

நான்காம்தந்தி
முருங்கை சாருக்குப் பதில் ஊசிமுனை சொல்லட்டும். நான் வாசிக்கிறவள் என்ற முறையில் தந்திகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளின் சோல் பதிவுகளில் வயலின்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். பல்லவி வரும்போது பின்னால் எழும்பி, பாட்டைப் பெரிதாகக் காட்டிவிட்டு அடங்கவேண்டும். குரல்தான் எஜமான். ஐசக் ஹேய்ஸ் 1969-இல் 'ஹாட் பட்டர்டு சோல்' போட்டபோது இந்தக் கணக்கு மாறியது. மொத்தம் நாலே பாட்டு, அதில் ஒன்று பதினெட்டு நிமிஷத்துக்கு மேல். இவ்வளவு நீளத்தில் வயலின்கள் வெறும் அலங்காரமாக இருந்தால் காது சலித்துவிடும். அவை கதையை நகர்த்தவேண்டும். டேல் வாரன் தன் கையைப் பழக்கிக்கொண்டது அந்த உலகத்தில்தான்.

இப்போது 'பாவர்ட்டிஸ் பாரடைஸ்' கேளுங்கள், நல்ல ஹெட்போனில். தாளம் மிக மெதுவாக இருக்கிறது, டிரம்ஸ் ஒவ்வோர் அடிக்கும் நடுவே இடம் விட்டு விட்டுப் போகிறது. இந்த வேகத்தில் வாசிப்பது வாத்தியக்காரர்களுக்கே பயம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கை பரபரக்கும். வழக்கமான அரேஞ்சர் (வாத்தியப் பகுதிகளை அமைப்பவர்) என்றால் அங்கே வயலினை ஊற்றியிருப்பார். இவர் குரலை வெறுமையில் விட்டுவிடுகிறார். தந்திகள் வரும்போதும் பாடுகிறவரைத் தூக்கிவிட வருவதில்லை, பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். எனக்கு இந்த ஆல்பம் பிடித்ததற்குக் காரணம் அதன் கருத்து இல்லை, இந்தக் கட்டுப்பாடுதான்.

இன்னொன்று. 1972 ஆகஸ்ட் 20-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில் ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் கச்சேரியில் 'சால்வேஷன் சிம்பொனி' என்ற படைப்பை இசைக்குழுவை வைத்து நடத்தியவரும் இதே டேல் வாரன்தான். டிக்கெட் ஒரு டாலர், கூட்டம் ஒரு லட்சத்துக்கு மேல். சோல் கேட்க வந்தவர்களுக்கு முன்னால் சிம்பொனி வாசிக்கிற துணிச்சல் இருந்த மனிதர். சினாப்ஸிஸ் எல்லாம் அந்தப் புத்தியிலிருந்து வந்ததுதான். அதில் கொஞ்சம் மிகை இருக்கிறது, முருங்கை சார் சொல்வது சரி.

ஊசிமுனை
@முருங்கைமரம் மார்வின் கே கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் என் கட்சியே அதில்தான் நிற்கிறது.

இந்த ஆல்பம் வந்த அதே 1973-இல், ஆகஸ்டில், ஸ்டீவி வொண்டரின் 'இன்னர்விஷன்ஸ்' வந்தது. அதில் 'லிவிங் ஃபார் த சிட்டி' இருக்கிறது. மிசிசிப்பியில் பிறந்த பையன் நியூயார்க் வந்து இறங்குகிறான், இறங்கின கொஞ்ச நேரத்தில் கைதாகிறான், சிறைக்கதவு சாத்துகிற சத்தம் வரை பாட்டுக்குள்ளேயே கேட்கும். அதைவிடக் கடுமையாக இவர்கள் எதுவும் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீவி அதற்குப் பக்கத்தில் 'ஹையர் கிரவுண்ட்' வைத்தார், 'டோன்ட் யூ வொர்ரி பவுட் அ திங்' வைத்தார். கேட்கிறவன் மூச்சு விடுகிறான், எழுந்து ஆடவும் செய்கிறான். மார்வின் கேயில் எல்லாத் துயரத்தையும் அவருடைய குரல் தடவிக் கொடுத்துவிடுகிறது. கர்ட்டிஸோ எப்போதும் ஒரு வழி சொல்லிவிடுவார், எழுந்திரு, நட என்று.

24-கேரட் பிளாக்கில் யாரும் எழுந்து நடப்பதில்லை. பாட்டுகளின் பெயரைப் பாருங்கள்: 'ஃபுட்ஸ்டாம்ப்ஸ்', 'மதர்ஸ் டே', 'பாவர்ட்டிஸ் பாரடைஸ்'. 'ஃபுட்ஸ்டாம்ப்ஸ்' என்பது 1964-இல் ஜான்சன் ஆட்சியில் சட்டமான உணவுக் கூப்பன் திட்டம். ஆல்பம் வந்த வருஷம் ஜனவரியில் நிக்ஸன் அரசு புதிய வீட்டுவசதி மானியங்களை நிறுத்திவைத்தது. 'வறுமை மீதான போர்' என்று ஜான்சன் அறிவித்ததை அடுத்து வந்தவர்கள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த நேரம். நம்பிக்கைப் பாட்டுக்கு அப்போது கேட்க ஆள் இருந்தது, விற்கவும் செய்தது. இவர்கள் அதைக் கொடுக்கவில்லை. கடைசிப் பாட்டு 'காட் சேவ் த வேர்ல்ட்' கூட, தலைப்பைப் பார்த்தால் பிரார்த்தனை, கேட்டால் கையை விரித்த மாதிரி இருக்கிறது.

முருங்கைமரம்
கையை விரிப்பதற்கு எதற்கு ஆல்பம் :)

சரி, ஒரு விஷயம். வறுமையைப் பற்றிய இந்த ஆல்பத்தைக் கருத்தாக யோசித்தவர் மோடவுன், ஸ்டாக்ஸ் எல்லாம் பார்த்த அரேஞ்சர். பாடினவர்கள் சின்னப் பிள்ளைகள். இதில் யாருடைய அனுபவம் யாருடைய வாயில் வருகிறது என்ற கேள்வி உங்களுக்கு எழவில்லையா?

ஒஹையோக்காரன்
நான் சின்சினாட்டியில் இருக்கிறேன், வேலை நிமித்தம் வந்து இங்கேயே தங்கிவிட்டவன். முருங்கையின் கேள்விக்கு ஊரை வைத்து ஒரு பதில் உண்டு.

நகரத்தின் மேற்குப் பக்கம், ஐ-75 நெடுஞ்சாலையை ஒட்டி குவீன்ஸ்கேட் என்று ஒரு பகுதி. இப்போது போனால் கிடங்குகள், லாரி நிறுத்தங்கள், பக்கத்தில் ரயில்வே யார்டு, அவ்வளவுதான். மாலையானால் ஆளே இருக்காது. ஐம்பதுகளின் கடைசி வரை அது வெஸ்ட் எண்டின் ஒரு பாகம், வீடும் கடையும் சர்ச்சுமாக நெருக்கி அடித்த இடம். கென்யன்-பார் என்ற திட்டத்தில் அதை முழுக்க இடித்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லோரும் கறுப்பர்கள். இடிப்பதற்கு முன்னால் நகராட்சி ஆட்கள் ஒவ்வொரு கட்டடத்தையும் படம் எடுத்து வைத்தார்கள். அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. பல படங்களில் ஒருவர் நம்பர் எழுதின பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பின்னால் நல்ல செங்கல் வீடு, வாசலில் பிள்ளைகள். போன குடும்பங்களில் நிறையப் பேர் ஏவன்டேல் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினார்கள். 1967-லும் 1968-லும் அங்கே கலவரம்.

டிடாலியன்ஸ் பையன்கள் எந்தத் தெருவில் வளர்ந்தார்கள் என்பது எனக்கு முக்கியம் இல்லை. அந்த வருஷங்களில் சின்சினாட்டியில் வளர்ந்த கறுப்பு இளைஞர்களுக்கு கெட்டோ என்றால் என்ன என்று வெளியிலிருந்து வந்த அரேஞ்சர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், இந்த ஊரிலேயே ஒரு பெரிய லேபிள் இருந்தது. கிங் ரெக்கார்ட்ஸ், எவன்ஸ்டன் பகுதியில் பிரூஸ்டர் அவென்யூவில். ஜேம்ஸ் பிரவுன் பாடகராகப் பெயர் எடுத்த இடம். பதிவு செய்வது, தட்டு அச்சடிப்பது, உறை அச்சடிப்பது எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். முதலாளி சிட் நாதன் 1968-இல் இறந்தார், எழுபதுகள் தொடங்கியதும் கிங் இந்த ஊரில் இல்லை. அதனால் 1972-73-இல் இங்கே திறமையுள்ள ஒரு குழுவுக்கு வாய்ப்பு வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து யாராவது வரவேண்டும். வந்தவர் டேல் வாரன்.

மல்லிகைப்பந்தல்
எல்லோரும் ஸ்டாக்ஸ் திவால், ஸ்டாக்ஸ் திவால் என்கிறீர்கள். ஆல்பம் வந்தது 1973. கம்பெனி மூடியது 1975 கடைசியில்தானே? இரண்டு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பழையதட்டு
நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஸ்டாக்ஸ் மெம்ஃபிஸில் மெக்லமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமா தியேட்டரில் இயங்கிய கம்பெனி. ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் ஆரம்பித்தது. அறுபதுகளில் அதன் தட்டுகளை நாடு முழுக்க விநியோகித்தது அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டு கம்பெனி. 1967 டிசம்பரில் ஸ்டாக்ஸின் பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்தில் இறந்தார். 1968-இல் அட்லாண்டிக்கோடு பிரிந்தபோதுதான் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருப்பது இவர்களுக்கு உறைத்தது: அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த பாட்டுகளின் மாஸ்டர் டேப்புகள் (மூல ஒலிப்பதிவுகள்) எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம். ஒரே நாளில் கையில் பழைய சரக்கே இல்லாத கம்பெனி ஆகிவிட்டது.

அதற்கு ஸ்டாக்ஸின் நிர்வாகி ஆல் பெல் கண்டுபிடித்த மருந்து எண்ணிக்கை. 1969-இல் ஒரே சமயத்தில் 27 ஆல்பங்களை வெளியிட்டார். அந்தக் குவியலில் ஒன்றுதான் 'ஹாட் பட்டர்டு சோல்', எதிர்பாராமல் பிய்த்துக்கொண்டு ஓடியது. நீளமான, விசித்திரமான, தந்தி வாத்தியம் நிறைந்த ஆல்பமும் விற்கும் என்று அதுதான் எல்லோருக்கும் காட்டியது. அது இல்லாவிட்டால் டேல் வாரனுக்கு இந்த ஆல்பத்தை எடுக்க யாரும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

1972 அக்டோபரில் சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு கம்பெனியோடு விநியோக ஒப்பந்தம். அங்கே தலைமையில் இருந்த கிளைவ் டேவிஸ் ஆர்வமாகச் செய்த ஏற்பாடு. 1973 மே மாதம் டேவிஸை சிபிஎஸ் வேலையை விட்டுத் தூக்கியது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தைக் கவனிக்க அங்கே மனசுள்ள ஆள் இல்லை. ஸ்டாக்ஸின் பலமே கறுப்பர் குடியிருப்புகளில் இருந்த சின்னச் சின்னத் தட்டுக்கடைகள். அந்தக் கடைகளின் வாசல் தெரிந்த ஆட்கள் ஸ்டாக்ஸில் இருந்தார்கள், சிபிஎஸ் கிளைகளில் குறைவு. கடைக்குப் போகவேண்டிய தட்டுகள் போய்ச் சேரவில்லை என்பது ஸ்டாக்ஸ் தரப்பின் புகார். பணம் நின்றது, வங்கிக் கடன் ஏறியது, 1975 டிசம்பரில் நீதிமன்றம் வழியாகக் கதவைப் பூட்டினார்கள்.

ஆக, மல்லிகை, கம்பெனி செத்தது 1975-இல், ஆனால் படுக்கையில் விழுந்தது இந்த ஆல்பம் வந்த வருஷமே. ஐசக் ஹேய்ஸ் மாதிரிப் பெயர் பெற்றவர்கள் அதையும் மீறி விற்றார்கள். பெயரே கேள்விப்படாத ஒரு கூட்டத்தின் முதல் ஆல்பத்தை எந்த விற்பனையாளன் தூக்கிச் சுமப்பான்? இந்த இடத்தில் ஊசிமுனையோடு நான் மாறுபடுகிறேன். ஆறுதல் இல்லாததால் விற்கவில்லை என்று சொல்ல, முதலில் அது கடையில் இருந்திருக்க வேண்டும்.

ஊசிமுனை
கடையில் இருந்த பிரதிகளையும் யாரும் தேடிப் போகவில்லையே. வானொலியில் போட ஒரு பாட்டு இருந்தால் ஜனங்கள் கடையில் கேட்டு நச்சரித்திருப்பார்கள். 'பிரௌன்-பேகின்' ஒன்றைத்தான் காலை நேர நிகழ்ச்சியில் போடலாம் என்று சொல்ல முடியும், அதையும் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? ஆனால் உங்கள் வாதம் வலுவானது. இரண்டும் சேர்ந்துதான் என்று வைத்துக்கொள்வோம், எனக்கு அறுபது, உங்களுக்கு நாற்பது.

பழையதட்டு
தலைகீழாக.

பீட்பெட்டி
'இன்ஃப்ராரெட்' கதையை யாரும் சொல்லவில்லையே, நானே சொல்கிறேன். ஆல்பம் தோற்ற பிறகும் டேல் வாரன் அந்தக் கூட்டத்தில் மிஞ்சியவர்களை வைத்து இன்னொரு தொகுதி பாட்டுகளைப் பதிவு செய்தார். இந்த முறை வறுமை இல்லை, முழுக்கக் காதல், பிரிவு. வெளிவரவே இல்லை. சிகாகோவில் ஓர் ஒலிப்பதிவாளர் வீட்டு நிலவறையில் டேப்புகள் பல வருஷம் கிடந்தன. நியூமரோ குரூப் என்ற சிகாகோ மறுவெளியீட்டு லேபிள்காரர்கள் தேடிப் போனபோது நிறைய டேப்புகள் கெட்டுப்போயிருந்தன. தேறியதை மட்டும் எடுத்து 2009-இல் 'கான்: த பிராமிஸஸ் ஆஃப் யெஸ்டர்டே' என்று போட்டார்கள். அதில் 'ஐ வான்ட் டு மேக் அப்' என்ற பாட்டைத்தான் கான்யே வெஸ்ட் எடுத்து புஷா டிக்குக் கொடுத்தார்.

அந்த ஆல்பம் வேறு உலகம். பாடல்கள் முடிக்கப்படாத மாதிரியே இருக்கும், சில இடங்களில் எதிர்பார்க்கிற வாத்தியம் வராது. எனக்கு முதல் ஆல்பத்தைவிட அதுதான் நெருக்கம். முருங்கை அண்ணா, உங்களுக்கும் அதுதான் பிடிக்கும், அதில் வசனம் கிடையாது.

மல்லிகைப்பந்தல்
அப்படியென்றால் கென்ட்ரிக், புஷா டி ஆல்பங்கள் விற்றதில் இந்தக் குழுவினருக்கு நல்ல காசு வந்திருக்குமே?

பீட்பெட்டி
அதுதான் இல்லை. குழுவில் இருந்தவர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள், தங்களுக்கு எதுவும் வரவில்லை என்று. சிலருக்குத் தங்கள் பாட்டு சாம்பிள் ஆனதே மற்றவர் சொல்லித்தான் தெரியும். 'டேம்' புலிட்சர் வாங்கின ஆல்பம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முருங்கைமரம்
அப்போது இது திருட்டு இல்லையா? சாம்பிள் கலாசாரம், கலாசாரம் என்று பெரிதாகப் பேசுகிறோம்.

கேவியட்
வக்கீல் தொழில்காரன் நுழைகிறேன். திருட்டு என்று சொல்ல முடியாது, அதுதான் இதில் எரிச்சலான விஷயம். எல்லாம் முறைப்படி நடந்திருந்தாலும் அவர்களுக்குக் காசு வராது.

ஒரு பதிவில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று பாட்டின் உரிமை, அதாவது மெட்டும் வரியும். இது பாட்டை ஆக்கியவர் என்று பெயர் போட்டவருக்கும் அவருடைய வெளியீட்டாளருக்கும் போகும். இந்த ஆல்பத்தில் அந்தப் பெயர் டேல் வாரன். இரண்டாவது ஒலிப்பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர். அது லேபிளுக்கு. ஸ்டாக்ஸ் விழுந்த பிறகு அதன் 1968-க்குப் பிந்தைய சரக்கை ஃபேன்டஸி என்ற இசைத்தட்டு கம்பெனி 1977-இல் வாங்கியது, ஃபேன்டஸியை 2004-இல் கான்கார்ட் என்ற கம்பெனி வாங்கியது. ஆக, கென்ட்ரிக்கின் ஆட்கள் முறையாக அனுமதி கேட்டுப் பணம் கட்டினால் அது இந்த இரண்டு வாசலுக்கும் போகும். குழுவின் டைரோன் ஸ்டீல்ஸ் வாசித்த டிரம்ஸ்? பிரின்சஸ் ஹெர்ன், ராபர்ட் டன்சன் பாடியது? அது மாஸ்டருக்குள் அடங்கிவிட்டது. கலைஞருக்கு லேபிள் எவ்வளவு தரவேண்டும் என்பது 1973-இல் போட்ட கையெழுத்தைப் பொறுத்தது. அந்தக் காலத்து வழக்கப்படி பதிவுச் செலவு எல்லாம் கலைஞரின் ராயல்டியில் கழிக்கப்படும். விற்காத ஆல்பம் என்றால் அந்தக் கணக்கு எப்போதும் கடனில்தான் நிற்கும்.

இணைய வானொலியில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அமெரிக்காவில் சட்டமே பங்கு பிரித்துக் கொடுக்கிறது: உரிமையாளருக்கு 50 சதம், முதன்மைக் கலைஞருக்கு 45, பின்னணிக் கலைஞர்களுக்கு 5. சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து நேரடியாகக் கொடுக்கும், லேபிளின் பழைய கடன் கணக்கு அங்கே செல்லாது. ஆனால் ஸ்பாட்டிஃபை மாதிரி நாம் தேர்ந்தெடுத்துக் கேட்பதற்கு இது பொருந்தாது.

ராக்கிம் பாட்டு 1990. அதற்கு அடுத்த வருஷம்தான் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டை எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கி மீது நியூயார்க் நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகு பெரிய லேபிள்கள் அனுமதி இல்லாமல் சாம்பிளைத் தொடப் பயந்தன. 2005-இல் ஆறாவது சர்க்யூட் நீதிமன்றம் (அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று), ஃபங்கடெலிக் குழுவின் இரண்டு விநாடி கிட்டார் துண்டுக்குக் கூட அனுமதி வேண்டும் என்றது. 2016-இல் ஒன்பதாவது சர்க்யூட், மடோனாவின் 'வோக்' வழக்கில், கால் விநாடிக்கும் குறைவான ஹார்ன் சத்தத்துக்கு வேண்டியதில்லை என்றது. இந்த இரண்டும் இன்னும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கின்றன. நம் விஷயத்தில் அது எதுவும் உதவாது. இங்கே சாம்பிள் எடுத்தவர் குற்றவாளி இல்லை, கையெழுத்துப் போட்ட காகிதம்தான்.

முருங்கைமரம்
திருட்டு என்ற சொல்லை விட்டுவிடுகிறேன், கொள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

காவலன் (மட்டுறுத்துநர்)
நண்பர்களே, காப்புரிமைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இந்த ஆல்பத்தைத் தொட்டுப் பேசும் வரை இங்கேயே இருக்கட்டும். பாடல் தரவிறக்க இணைப்பு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

ஒஹையோக்காரன்
இதே மாதிரி விதி வாய்த்த குழுக்கள் வேறு யார்? எனக்கு நினைவுக்கு வருவது சோல் பாடகர் பேபி ஹ்யூயி. ஆள் 1970 அக்டோபரில் 26 வயதில் போய்விட்டார், ஆல்பம் அடுத்த வருஷம் வந்தது. 'ஹார்ட் டைம்ஸ்' சாம்பிளாகக் கேட்காத காது இருக்காது.

நான்காம்தந்தி
லண்டன் பக்கம் சைமாண்டே. கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள், 1971-இல் சேர்ந்து சில வருஷத்தில் ஓய்ந்தார்கள். ஃப்யூஜீஸ் என்ற ராப் குழு எடுத்தது அவர்களுடைய 'டவ்'. ஆனால் சைமாண்டே பிற்காலத்தில் மறுபடி சேர்ந்து மேடை ஏறினார்கள், தங்கள் பாட்டுக்குக் கைதட்டு வாங்கினார்கள். 24-கேரட் பிளாக்குக்கு அது வாய்க்கவில்லை. டேல் வாரன் 1994-இல் காலமானார், அதாவது நியூமரோ டேப்புகளைத் தேடிப் போவதற்குப் பல வருஷம் முன்பே.

முருங்கைமரம்
இந்த இழைக்காக முழுதும் கேட்டேன், இரண்டு பக்கமும், நிறுத்தாமல். வசனம் இன்னும் பிடிக்கவில்லை. 'சினாப்ஸிஸ் டூ' வந்தவுடன் கை தானாகத் தாண்டப் போனது. ஆனால் அதற்கடுத்து 'மதர்ஸ் டே'யிலிருந்து 'ஃபுட்ஸ்டாம்ப்ஸ்'க்குப் போகிற இடம் அபாரம். உணவுக் கூப்பன் என்ற தலைப்பை வைத்துக்கொண்டு அதில் ஒரு பிரசங்கமும் இல்லை, வெறும் வாத்தியம், கிட்டாரும் பேஸும் உரசிக்கொண்டு ஓடுகிறது. வயிறு காலியாக இருக்கிறவன் நடக்கிற நடை அது. இந்த ஆள் வாயைத் திறக்காதபோதுதான் நன்றாகச் சொல்கிறார்.

ஆக, என் மதிப்பீடு: பாதி ஆல்பம் பிரமாதம், பாதி ஆல்பத்துக்கு ஓர் எடிட்டர் தேவை. ஊசிமுனை சொல்கிற அந்த 'ஆறுதல் இல்லாத பெருமை'யை நான் வாங்கவில்லை. ஆறுதல் சொல்லாமல் இருப்பதும் ஓர் அலங்காரம் ஆகலாம்.

ஊசிமுனை
கடைசி வரியை யோசிக்கிறேன். 'பாவர்ட்டிஸ் பாரடைஸ்' அலங்காரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முருங்கைமரம்
அதைச் சொல்லவில்லை. அந்தப் பாட்டை யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மல்லிகைப்பந்தல்
@கேவியட் ஒரே ஒரு சந்தேகம், மட்டுறுத்துநர் மன்னிக்கவும். பழைய ஒப்பந்தம் காலத்துக்கும் அப்படியேதான் இருக்குமா? வாரிசுகள் உரிமையைத் திரும்ப வாங்க வழி ஒன்றும் இல்லையா?

கேவியட்
பாட்டின் உரிமைக்கு ஒரு வழி இருக்கிறது. 1978-க்கு முன்னால் காப்புரிமை பெற்ற படைப்பு என்றால், 56 வருஷம் முடிந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் ஆசிரியரோ அவருடைய வாரிசுகளோ, எழுதிக் கொடுத்த உரிமையை ரத்து செய்யலாம். 1973 என்றால் 2029. குறைந்தது இரண்டு வருஷம் முன்பாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும். சம்பளத்துக்குச் செய்த வேலை என்று எழுதியிருந்தால் இது செல்லாது. அந்த வழி திறந்தாலும் பலன் டேல் வாரனின் வாரிசுகளுக்குத்தான், வாசித்தவர்களுக்கோ பாடினவர்களுக்கோ இல்லை.

பீட்பெட்டி
நான்காம்தந்தி அக்கா, அந்த 'சால்வேஷன் சிம்பொனி' எங்கே கேட்கலாம்?

நான்காம்தந்தி
வாட்ஸ்டாக்ஸின் முழுப் பதிவும் 2023-இல் 12 சிடி தொகுப்பாக வந்தது, அதில் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கிலும் தேடிப் பார். ஆனால் முதலில் 'கெட்டோ'வைக் கேட்டுவிட்டு அப்புறம் அதற்குப் போ. ஒரு லட்சம் பேர் கூடிய மைதானத்துக்கு எழுதுகிற கை எப்படி இருக்கிறது, ஒரு குரலை மட்டும் நம்பி எழுதுகிற கை எப்படி இருக்கிறது என்று வித்தியாசம் தெரியும். பஸ்ஸில் போட்டுவிடாதே, முதல் சில நிமிஷம் இன்ஜின் சத்தத்தில் போய்விடும்.